கேட்கும் பரீட்சைக்குக் காவல்

போன மாதம் மல்லிகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்தவள் அவள். தஞ்சாவூரிலிருந்து பூதலூர் போகிற சாலையில் இருக்கிற கல்லூரியில், ஜப்பான் மொழித் துறைக்கு ஆயா.

"அக்கா, நாளக்கழிச்சி கேக்குற பரீட்ச. அன்னிக்கி நீங்க என்னென்ன பண்ணுவீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க."

நானும் சொன்னேன். மின்விசிறியில் ஆரம்பித்து, நாற்காலிக் கால், தண்ணீர் மோட்டார், கேட்டுத் தாழ்ப்பாள் என்று கால் மணி நேரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அக்கா, இந்த வருசம் எல்லாப் பிள்ளைக்கும் காதுல மாட்டுற மிஷின் வந்துருச்சி. வெளிய இடி விழுந்தாலும் உள்ள கேக்காதாம்" என்றாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

"நீங்க ஆசையா சொன்னீங்களா, குறுக்க பேச வேணாம்னு இருந்துட்டேன்."

வருத்தமாக இருக்கிறதா என்று என் மருமகள் கேட்டாள். வருத்தமா? தலையிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனிமேல் எந்த ஆயாவும் என்னைப் போல வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். அந்த நெருப்பு என்ன என்று கல்லூரி மலருக்கு எழுதித் தரச் சொல்லி மல்லிகாவே கேட்டாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் கவிதா எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் மலரில் போட மாட்டார்கள் என்று புத்தகத் தமிழாக்குகிறாள். ஆக்கட்டும். அடுத்தவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுத வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கல்லூரிக்கு வருவதற்கு முன் நடவு, களையெடுப்பு, கொஞ்ச நாள் செங்கல் சூளை. வயலில் மிஷின் இறங்கினதும் நடவுக்கு ஆள் தேவை குறைந்துபோனது. பதினாறு வருஷம் கல்லூரியில் இருந்தேன். முதல் வருஷம் கணக்குத் துறை. அங்கே எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், வேறு விசேஷம் இல்லை. அப்புறம்தான் ஜப்பான் மொழித் துறை.

அந்த மொழிக்கு மூன்று வித எழுத்தாம். முதல் இரண்டும் நாற்பத்தாறு நாற்பத்தாறு. மூன்றாவதுக்குக் கணக்கே இல்லை, ஆயிரம் இரண்டாயிரம் என்று போகும். முதல் வருஷப் பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில் ஒரே எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு கண் கலங்குவார்கள். எனக்கு அந்தக் கவலை கிடையாது. படிக்கத் தெரியாதவளுக்குத் தமிழும் ஒன்றுதான், ஜப்பானும் ஒன்றுதான். சாயங்காலம் துணியை நனைத்து மூன்று வித எழுத்தையும் ஒரே துடைப்பில் துடைத்துவிடுவேன்.

ஆனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். உள்ளே எந்த வருஷப் பிள்ளைகள் என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். முதல் வருஷம் என்றால் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்வார்கள், அங்கன்வாடி மாதிரி. இரண்டாம் வருஷம் முணுமுணுப்பு. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் வருஷம் சிரிப்பார்கள். மேடம் அந்த மொழியில் ஏதோ சொல்வார், உடனே வகுப்பே சிரிக்கும். சிரிப்பு வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேடம் என்று சொன்னேனே, மைதிலி மேடம். கும்பகோணத்துக்காரர். ஜப்பானில் ஆறு வருஷம் இருந்து படித்துவிட்டு வந்தவர். கையில் இரண்டு கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று ஓடாவிட்டால் இன்னொன்று. சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், மரியாதை கூடும். பிள்ளைகளை வழக்கமாக "வாம்மா, போப்பா" என்பார். "நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை தொலைந்தது.

நான் அந்தத் துறைக்கு மாறின முதல் வாரம் என்னை வகுப்புக்குள் கூப்பிட்டு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுவரை அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை.

"அஞ்சலையம்மா, கண்ண மூடிக்கிங்க. என்னென்ன சத்தம் கேக்குதுன்னு சொல்லுங்க."

"ஒண்ணும் கேக்கலீங்களே மேடம்."

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். மின்விசிறி கிறீச் என்றது. அப்புறம் தண்ணீர் மோட்டார். பிரின்சிபால் அறையில் ஸ்டூல் இழுக்கிற சத்தம். சாலையில் பால்காரன் ஹாரன். யாரோ ஒரு பெண்ணின் கொலுசு. வேப்பமரத்தில் காக்கா. கடைசியில் என் கை வளையல். பதினேழு சத்தம் எண்ணினேன்.

"இந்தப் பதினேழும் எனக்கு எதிரிங்க" என்றார் மேடம்.

அப்போதுதான் கேட்கும் பரீட்சையைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரர்கள் இரண்டு பேர் பேசுகிற பேச்சைப் பெட்டியில் போடுவார்கள். ஒரே ஒரு தடவைதான். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மொத்தம் நாற்பது நிமிஷம். புரியவில்லை, திருப்பிப் போடுங்கள் என்று கேட்க முடியாது. அந்தப் பெட்டி இருந்தது சாலையோரத்து ஹாலில். அதன் ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது, கம்பியும் மரக்கதவும்தான்.

அதிலிருந்து அந்த நாற்பது நிமிஷத்துக்கு நான் காவல். பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி நாற்காலிக் கால் ஒவ்வொன்றுக்கும் ஒட்டினேன். மோட்டார் அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வேன். கேட்டுத் தாழ்ப்பாளுக்கு விளக்கெண்ணெய். பால்காரனிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன். "ஒனக்கு ரொம்பத்தான் அதிகாரம் வந்துருச்சி அக்கா" என்று முணுமுணுப்பான், ஆனால் அன்றைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவான். பெண் பிள்ளைகளின் கொலுசுகளை என் முந்தானையில் வாங்கி முடிந்துகொள்வேன். ஒரு தடவை பதினொரு ஜோடி. பரீட்சை முடிந்து யாருடையது எது என்று பிரித்துக்கொள்ள அரை மணி நேரம் ஆனது.

பதினேழில் பதினாறை அடக்கிவிட்டேன். மிச்சம் காக்கா.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பரீட்சைக்குப் பத்து நிமிஷம் முன்னால் பின்பக்கச் சுவரில் ஒரு தட்டு சோறு வைத்துவிட்டால் காக்கா எல்லாம் அங்கே போய்விடும், வாயில் சோறு இருந்தால் கத்தாது என்று நினைத்தேன். ஒரு காக்கா சோற்றைப் பார்த்தால் என்ன செய்யும் என்று அஞ்சு வயசுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அமாவாசைக்கு அமாவாசை கா கா என்று நானே கூப்பிட்டுச் சோறு வைக்கிறவள். இருந்தும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. முதல் காக்கா வந்தது. சோற்றைப் பார்த்தது. தின்னவில்லை. கழுத்தை நீட்டி உறவுமுறையைக் கூப்பிட்டது. பூதலூர் வரைக்கும் இருந்த காக்கா எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் முறத்தை எடுத்துக்கொண்டு ஓட, அதைப் பார்த்து இன்னும் கத்தின.

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. எழுதுகிற கவிதாவும் சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. மூன்றாம் வருஷத்தில் ரேவதி என்று ஒரு பெண். கீழ்வேளூர்ப் பக்கம், அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கடைசி நிலைத் தேர்வு அவளுக்கு. தேறினால் ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை என்று ஒரு நிறுவனம் கடிதமே கொடுத்திருந்தது. காக்கா கத்தின நேரத்தில் இரண்டு கேள்வி போய்விட்டது. ஒரு மார்க்கில் தவறிவிட்டாள்.

கை கழுவுகிற இடத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"பரவால்லம்மா. காக்காவ என்ன பண்ண முடியும்?" என்றாள்.

சோறு வைத்தது நான் என்று அவளுக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரியும். மேடம் திட்டவில்லை. "அஞ்சலையம்மா, அடுத்த தடவ சோறு வேணாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

அந்தத் தேர்வை இரண்டு தடவைதான் எழுதலாம். நிறுவனம் ஒரு வருஷம் காத்திருப்பதாகச் சொன்னது. அடுத்த வருஷம் ரேவதிக்குக் கடைசி வாய்ப்பு.

பரீட்சை நாள் சனிக்கிழமை. மேடம் மதியம் இரண்டு மணிக்குத்தான் வைத்திருந்தார். எங்கள் பிரின்சிபால் பஞ்சாங்கம் பார்க்கிறவர். "சனிக்கிழம ரெண்டு மணி எமகண்டமாச்சே மேடம், மூணுக்கு வச்சிக்கலாமே" என்று மாற்றிவிட்டார். சென்னையிலிருந்து வருகிற மேற்பார்வையாளர் கொண்டுவருகிற வினாத்தாள் உறையிலும் மூன்று மணி என்றே அச்சடித்துவிட்டார்கள். உறையில் போட்ட நேரத்துக்குத்தான் முத்திரை உடைக்க வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் உடைக்காமல் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்.

சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்புகிறேன், எங்கள் தெருவில் தப்பு மேளத்தைக் காய்ச்சுகிற புகை. கலியபெருமாள் வைக்கோலைக் கொளுத்தி அதில் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தம்பி முறை.

"யாரு தம்பி?"

"மேலத் தெரு வீராசாமித் தாத்தா, அக்கா. ராத்திரியே போயிட்டாரு. தொண்ணூத்திமூணு. கல்யாணச் சாவு! ரெண்டு கோணி வெடி வாங்கி வச்சிருக்காங்க."

"எப்ப எடுக்குறாங்க?"

"ஒன்றரைலேருந்து எமகண்டம். அது கழிஞ்சி மூணு மணிக்கி."

பிரின்சிபால் எந்த எமகண்டத்துக்கு ஒதுங்கினாரோ, அதே எமகண்டத்துக்குத்தான் அவர்களும் ஒதுங்கியிருந்தார்கள். மேலத் தெருவிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போக ஒரே சாலைதான். கல்லூரி ஹால் ஜன்னலிலிருந்து அந்தச் சாலை பத்தடி.

"கலியா, காலேஜ்கிட்ட மட்டும் அடிக்காம போயிடுங்கடா."

"அக்கா, அடின்னா அடிப்பேன், நிறுத்துன்னா நிறுத்துவேன். சொல்ல வேண்டியது வீட்டுக்காரங்க. நானா நிறுத்துனா என் தோல உரிச்சி தப்பு கட்டிருவாங்க."

மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பிள்ளைகளிடம் சொல்வார், ரேவதி காதில் காலையிலிருந்தே தப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு மணிக்கு, வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மேலத் தெருவுக்கு நடந்தேன்.

எங்கள் தெருப் பெண்கள் அந்த வீட்டுத் துக்கத்துக்குப் போனால் வாசல் பந்தலோடு நின்று அழுதுவிட்டு வருவதுதான் வழக்கம். அன்றைக்குப் பந்தலில் நின்றேன், அழுதேன், பிறகு உள்ளே போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தாத்தா கூடத்தில் படுத்திருந்தார். தலைமாட்டில் அவர் சம்சாரம் குஞ்சம்மா. நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம்.

"ஆரு, கெழக்குத் தெரு அஞ்சலையா? வா" என்றார்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் மூத்த மகன் முருகையன் வந்துவிட்டார்.

"என்னது? எங்கப்பாரு எப்படி வாழ்ந்த மனுசன்! அனாதப் பொணம் மாதிரி ஊமையா தூக்கிட்டுப் போகச் சொல்றியா? இவள யாரு உள்ள விட்டது?"

"நாந்தான் வான்னேன். நீ செத்த சும்மா இரு" என்றார் பெரியம்மா. என் பக்கம் திரும்பினார். "என்னா பரீட்சடி அது?"

"சப்பான் பாஷைங்க பெரியம்மா. பொட்டியில பேச்சு ஒரு தடவதான் வரும். அதக் கேட்டு எழுதணும்."

"தேறிட்டா?"

"அந்த ஊருக்குப் போயி வயசானவங்கள பாத்துக்குற வேலைங்க. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, நடக்க வச்சி..."

"அங்கயும் கெழடு கட்டைங்க இருக்குதா?"

"நம்ம ஊரவிட அங்கதான் சாஸ்தியாம்ங்க."

துக்க வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. குனிந்து தாத்தாவின் காது மடலைத் தொட்டார்.

"எட்டு வருசமா இந்த மனுசனுக்கு ஒரு சொல்லும் கேக்கல. சாப்புட வாங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டதான் போச்சி. இப்ப மேளம் யாருக்குடா? அவருக்கா? ரோட்டோரம் நிக்கிறவனுக்குத்தானே?"

"ஊரு என்னா சொல்லும் ஆத்தா?"

"ஊரு என்னத்தயாவது சொல்லும். ஒங்கப்பனுக்குக் கேக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணுக்காவது கேக்கட்டும்டா."

முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மேளத்தை நிறுத்துவார்களா என்ற கேள்வியோடு நான் கல்லூரிக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் முத்திரையை உடைத்தார். மேடம் இரண்டு கடிகாரத்தையும் பார்த்துத் தலையசைத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு கேட்டுக்கு ஓடினேன். தூரத்தில் தப்பு அதிர்ந்து வந்துகொண்டிருந்தது. வெடி வேறு. மதகு வரைக்கும் வந்துவிட்டது. மதகைத் தாண்டினால் ஹாலுக்குக் கேட்கும்.

மதகில் ஊர்வலம் நின்றது. முருகையன் முன்னால் வந்து வலது கையை உயரத் தூக்கினார். தப்பு நின்றது. வெடிக்காரன் கோணியின் வாயைச் சுருட்டிப் பிடித்தான். அப்படியே நடந்து வந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள். கைகூப்பி நின்றேன்.

நடுவில்தான் வினை. சங்கு ஊதுகிறவர் வேறு ஊரிலிருந்து தாமதமாக வந்து மதகுக்கு அப்புறம் சேர்ந்திருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய சாவு சத்தமில்லாமல் போகிறதே என்று அவருக்கே பொறுக்கவில்லை போல. கல்லூரி கேட்டுக்கு நேராக வந்ததும் சங்கை எடுத்து வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார். நான் பாய்ந்தேன். முந்தானையைச் சுருட்டிச் சங்கின் வாயில் அடைத்துவிட்டேன். உப்பின கன்னத்தோடு அவர் என்னைப் பார்த்தார். கலியபெருமாள் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னான். கன்னம் மெல்ல இறங்கியது. காற்றை மூக்கு வழியாக விட்டார், பாவம்.

பாடை என்னைத் தாண்டிப் போனது. சனிப் பிணம் தனியாகப் போகாது, துணை தேடும் என்று பாடைக் காலில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டியிருந்தார்கள். அது மட்டும் கீச் கீச் என்று கத்திக்கொண்டே போனது. அதன் வாயை நான் எப்படி அடைப்பேன்?

கல்லூரிக்கு அப்புறம் இருக்கிற மூங்கில் கொத்தைத் தாண்டினதும் தப்பு இரண்டு மடங்காக வெடித்தது. அது ஆற்றுப் பக்கம், ஹாலுக்கு முணுமுணுப்பாகத்தான் வரும். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ரேவதி வெளியே வந்தாள்.

"ஏம்மா இப்படி வேர்த்துப் போயிக் கெடக்குறீங்க?"

"வெயிலு. எப்படிம்மா எழுதுன?"

"நல்லா எழுதிருக்கேம்மா. ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு பேரு பேசுறாங்க, எந்த எடம்னு எழுதணும். பின்னாடி கோழிக்குஞ்சு சத்தம் கேட்டுச்சா, பண்ணைன்னு எழுதிட்டேன். வெளிய வந்து கேட்டா, எல்லாரும் ஆஸ்பத்திரிங்குறாங்க."

போன வருஷம் ஒரு மார்க்கில் போனவள். இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டு போனார்கள், ஒரு குஞ்சு கெடுத்துவிட்டதே. முடிவு வருகிற வரைக்கும் முப்பது நாள் அந்தக் குஞ்சு என் வயிற்றுக்குள் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முட்டைக்குழம்பு வைத்தால்கூட எனக்கு இறங்கவில்லை.

முடிவு வந்த அன்று மேடம் என்னைத் தேடிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் வந்தார். கையில் துடைப்பத்தோடு நின்றேன். ஊர்வலச் சேதி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. இத்தனை நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"ரேவதி பாஸுங்க. மூணு மார்க் கூடவே வந்திருக்கு" என்றார். பிறகு ஜப்பானில் பெரியவர்களுக்கு வணங்குகிற மாதிரி இடுப்பை வளைத்து என்னை வணங்கினார். துடைப்பத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நானும் வளைந்தேன்.

சாயங்காலம் நேராக மேலத் தெரு. பெரியம்மா உள்ளே வரச் சொன்னார். ரேவதி தேறிவிட்டாள் என்றேன். அடுத்து குஞ்சுக் கதையையும் சொன்னேன். தாத்தா போனதிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர், விழுந்து விழுந்து சிரித்தார். முருகையன் என்னவோ ஏதோ என்று கொல்லையிலிருந்து ஓடி வந்தார்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அது குஞ்சு இல்லடி, அவரேதான். அந்த மனுசன் எந்த ஊட்டு வாசல சத்தம் போடாம தாண்டிருக்காரு?"